நூற்றுப் பதினான்காம் பக்கம்

போருக்கு இன்னும் ஐம்பத்து மூன்று மணி நேரம் பதினைந்து நிமிடம் இருந்தது. சாட்சி வீட்டின் கதவுக்கு மேலே இருந்த கடிகாரம் அப்படித்தான் காட்டியது. சலேத் வழக்குக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாசி பிடித்த படிகளில் கவனமாக ஏறினாள்.

கடலுக்கு நடுவே ஒரு பாறை. பாறைமேல் ஒரு கான்கிரீட் வீடு. மேற்கு ஜன்னலில் கரைநாடு தெரியும், கிழக்கு ஜன்னலில் மிதவைநாடு தெரியும். கடல் ஏறி வந்த காலத்தில் மேட்டுக்கு ஓடியவர்களின் வாரிசுகள் ஒருபுறம். படகை விட்டு இறங்கமாட்டோம் என்று அடம்பிடித்தவர்களின் வாரிசுகள் மறுபுறம். பேச்சு ஒன்று, மீன் ஒன்று, சாமிகளும் ஏறக்குறைய அவையேதான். பங்காளிப் பகைக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே மேசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, உப்பில் வெளுத்த சட்டை. மிதவைநாடு அனுப்பிய கேட்பவர். பெயர் இசக்கிமுத்து என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வா தாயி. எங்களக் கொல்ல வந்திருக்க. ஒரு வாய் சாயா குடிச்சிட்டுக் கொல்லலாம்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி. வேலையை ஆரம்பிக்கலாம்."

"அண்ணாச்சியா! உறவுமுறை வச்சிக் கொல்லுத ஆளு நீ ஒருத்திதான்."

அவள் கோப்பைப் பிரித்தாள்.

வேலை இதுதான். சலேத் கரைநாட்டின் உரைப்பவள். ஆழ்மேடை ஏழு என்ற கடலடிச் சுரங்க மேடை ஐந்து வாரங்களுக்கு முன் சரிந்து மூழ்கியது. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். மிதவைநாட்டார் வைத்த கண்ணிவெடிதான் காரணம் என்று கரைநாட்டு அரசு சொன்னது. கரைநாட்டிடம் ஆயிரத்துக்கும் மேல் ஏவுகணைகள் இருந்தன. ஆனால் உலக உடன்படிக்கைப்படி அத்தனையும் ஒரே பூட்டில் இருந்தன. பூட்டைத் திறப்பது சாவியோ எண்ணோ அல்ல, ஒரு மனிதக் குரல். உரைப்பவர் தலையில் கம்பிவலையும் மணிக்கட்டில் பட்டையும் மாட்டிக்கொண்டு, போருக்கான காரணத்தை எதிரியின் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்வதை அவர் மெய்யாகவே நம்பினால் பச்சை விளக்கு எரியும், பூட்டு திறக்கும். நம்பாவிட்டால் மஞ்சள். நூறு நாளைக்குப் பூட்டைத் தொட முடியாது.

உலகத்தில் எது உண்மை என்று பூட்டுக்குத் தெரியாது. வாயும் மனதும் ஒன்றா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

சொல்வதற்கு முன் முழுக் கோப்பையும், நூற்றறுபது பக்கம், உரைப்பவர் கேட்பவருக்குச் சத்தமாக வாசித்துக்காட்ட வேண்டும். கடைசியில் கேட்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கும் பட்டையைக் கழற்றாமல் பதில் சொல்ல வேண்டும். பதில் காரணத்தோடு மோதினால் திறந்த பூட்டும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

"முதல் பக்கம்," என்று சலேத் தொடங்கினாள்.

அன்று மாலைவரை அறுபது பக்கம் வாசித்தாள். இறந்தவர்களின் பட்டியல் இருபதாம் பக்கத்தில் வந்தது. கோப்பில் பெயர்கள் இருக்காது. உரைப்பவரின் மனம் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பதற்காக ஓர் இயந்திரம் எல்லாப் பெயர்களையும் கறுப்பாக்கிவிடும். வயதும் வேலையும் மட்டும் மிஞ்சும். ஐம்பத்திரண்டு, மின்பணி. முப்பது, துளைப்பொறி. பத்தொன்பது, சமையல்.

"பத்தொன்பதா?" என்றார் இசக்கிமுத்து.

"நீங்கள் வைத்த வெடிக்கு வயசு தெரியாதே."

"நாங்க வச்சோம்னு நீ முடிவு கட்டிட்டியோ?"

"அதற்குத்தான் வந்திருக்கிறேன்."

அவள் குரலில் இருந்த வெறுப்பு அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த வெறுப்பு அவளுக்குத் தேவைப்பட்டது. கோப்பு கைக்கு வந்த நாளிலிருந்து அதை அவள் ஒரு குழந்தையைப் போல ஊட்டி வளர்த்து வந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு கோமதிநாயகம் படகில் வந்து இறங்கினார். உரைப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு அவர்தான் தலைவர். தன் நாட்டு உரைப்பவரை நாளுக்கு ஒரு மணி நேரம் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. இரண்டரை ஆண்டுகளாக சலேத் பார்த்துவரும் வெளிமனிதர் அவர் ஒருவர்தான். உரைப்பவர்களை மதில் வைத்த வளாகத்தில் குடியமர்த்தியிருந்தார்கள். செய்தி கிடையாது, தொலைபேசி கிடையாது. அவள் அம்மா எழுதும் கடிதங்கள்கூட வெட்டப்பட்டு, வானிலை மட்டும் மிஞ்சி வரும். 'இங்கே நல்ல மழை. அன்புடன் அம்மா.' நடுவில் இருப்பதெல்லாம் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை.

கோமதிநாயகம் ஒத்திகைப் பட்டையை அவள் கையில் மாட்டினார். "சொல்லும்மா."

"மிதவைநாட்டார் வைத்த வெடியால் ஆழ்மேடை ஏழு மூழ்கியது."

சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"மறுபடியும்."

மஞ்சள்.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மென்மையாகும். "எங்கே இடிக்குது?"

"தெரியலை சார்."

"தெரியலைன்னு நீ சொன்னப்பவும் மஞ்சள்தான்மா எரியுது."

அவள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நானே சொல்றேன். மேடை தானாவே முறிஞ்சிருக்குமோன்னு உனக்கு ஒரு நினைப்பு. நீ இரும்பு படிச்சவ. கடல்துறையில எட்டு மாசம் ஆய்வாளரா இருந்தவ. உப்புத்தண்ணி இரும்பை என்ன செய்யும்னு உனக்குத் தெரியும். இரும்பு தெரிஞ்சவ நம்பினா உலகமே நம்பும்னுதான் உன்னை அனுப்பினேன்." கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "நூத்திப் பதினாலு. நாலு வருஷத்துக்கு முந்தின ஆய்வறிக்கை. முதல்ல முறிஞ்சது நாலாம் தூண். யாரோ ஒரு புண்ணியவான் கடலுக்குள்ள இறங்கி, பன்னிரண்டு இடத்துல தகட்டுக் கனத்தை அளந்து எழுதியிருக்கான். முப்பத்தெட்டு மில்லிமீட்டர்! புதுசு மாதிரி இருந்த இரும்பு. நாலு வருஷத்துல தேஞ்சு முறியுமா?"

"முறியாது."

பட்டை பச்சையாக எரிந்தது.

"பாத்தியா! அப்ப வெடிதானே? இந்த ஒரு பக்கத்துமேலதான்மா நம்ம வழக்கே நிக்குது."

"இதை எழுதினது யாரு சார்?"

"பேரைத்தான் இயந்திரம் மறைச்சிடுமே. எனக்கே தெரியாது. தெரிஞ்சா என் முகம் உனக்குக் காட்டிக்கொடுத்திடும்னு சட்டம் செஞ்சவங்களுக்குப் பயம்." அவர் எழுந்தார். பையிலிருந்து உள்ளங்கை அளவு உலோகத் துண்டு ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தார். "இது சரிஞ்ச இடத்துக்குக் கிட்ட கிடைச்சது. அவங்க நாட்டு முத்திரை இருக்கு. கையில வச்சுக்க. நாளைக்கு மூணு மணிக்குள்ள நம்பிடு."

"நம்பலைன்னா?"

"நூறு நாள் பூட்டு. அதுக்குள்ள வேத்துநாட்டு ஆளுங்க முக்குளிச்சுத் தூணை எடுத்துப் பாப்பாங்க. அது நமக்கு வேண்டாம்." படியருகே போனவர் திரும்பினார். "உங்கம்மா கையெழுத்து ரொம்ப அழகும்மா. வானிலை எழுதுறதுக்குக்கூட ஒரு கை வேணும்ல."

படகு போன பிறகு சலேத் உலோகத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இசக்கிமுத்து சோற்றுத்தட்டை அவள் பக்கம் தள்ளினார். "தின்னு. வெறும் வயித்துல எவளும் போர் தொடங்கப்படாது. சட்டத்துல இருக்கு."

"அப்படி ஒன்றும் இல்லை."

"இருந்திருக்கணும். வேற என்னென்னத்தையோ எழுதினானுவல்லா." அவர் மீனை முள் நீக்கிச் சோற்றில் பிசைந்தார். "ஒரு காலத்துல, சாமி கனவுல வந்து சொல்லிச்சின்னு சண்டை போட்டாவ. பெறகு படிச்சவனுவ வந்து, நியாயமான காரணம் வேணும்னானுவ. எந்த ராசாவுக்குக் காரணம் இல்ல? ரெண்டு பக்கமும் நியாயம்னா தப்பு எங்க போச்சு? சரி, காரணத்த விடு, முன்னாலயே சொல்லிட்டு அடின்னாவ. காயம்பட்டவனத் தூக்கு, கைதிக்குச் சோறு போடு, ஆஸ்பத்திரியில குண்டு போடாத. அது நல்ல எழுத்து. அதுல நான் குத்தம் சொல்லமாட்டேன். பெறகு பாரிசுல உக்காந்து, போரே கூடாதுன்னு கையெழுத்துப் போட்டாவ. எத்தன வருசம் நின்னுச்சி?"

"பதினொன்று."

"ஆ, படிச்சிருக்க. பதினோரு வருசத்துல உலகமே பத்திக்கிச்சி. எரிஞ்சு முடிஞ்சதும் இன்னொரு சாசனம். தற்காப்புக்கு மட்டும் அடிக்கலாம்னு. அன்னையில இருந்து பாரு, உலகத்துல அடிச்சவன் ஒருத்தன்கூட கெடையாது. எல்லாவனும் தடுத்தவன்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதிரியின் முன் சிரிக்கக்கூடாது என்று தண்ணீரைக் குடித்தாள்.

"அதனால்தான் பூட்டு," என்றாள்.

"அதனாலதான் பூட்டு. பொய் சொல்லத் தெரியாத வாயாத் தேடிப் பிடிச்சாவ. அந்த வாய்க்குள்ள பொய்ய எப்படிப் போடுததுன்னு கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு எவ்வளவு நாளாச்சி தெரியுமா? ஆறே மாசம். ஆள அடைச்சி வையி, காகிதத்த மட்டும் காட்டு. முடிஞ்சிது."

"எங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நானும் உரைச்சவன்தான் பிள்ள."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒம்பது வருசத்துக்கு முன்னால. தென்தீவுக்காரன் மேல. பச்சை எரிஞ்சிது. நெஞ்ச நிமித்திக்கிட்டு வீட்டுக்குப் போனேன். ஆயிரத்து முந்நூறு பேரு. ரெண்டு வருசம் கழிச்சித்தான் தெரிஞ்சிது, காரணம் பொய்யின்னு. நான் பொய் சொல்லல, பாத்துக்க. நம்பித்தான் சொன்னேன்." அவர் விரல்களை நக்கினார். "அதுல ஒரு ஆறுதலும் இல்ல."

"இதைச் சொல்லி என் மனசை மாற்றப் பார்க்கிறீர்கள்."

"ஒம் மனச வச்சி நான் என்ன கொழம்பா வைக்கப் போறேன்? எனக்கு ஒன்னயப் புடிக்கவே இல்ல. எம் மவ அந்தா, மூணாவது மிதவையில இருக்கா. நீ பச்சைய எரியவிட்டா முதல் ஏவுகணை அங்கதான் விழும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். சோத்தத் தின்னுட்டு வாசி."

சாப்பாட்டுக்குப் பின் நூறாம் பக்கத்திலிருந்து வாசித்தாள். வெயில் ஏறியிருந்தது. நூற்றுப் பதினான்காம் பக்கம் கைப்பட எழுதிய அறிக்கையின் நகல். மேலே கறுப்புப் பட்டை, கீழே கறுப்புப் பட்டை, நடுவில் பன்னிரண்டு எண்கள்.

"நாலாம் தூண். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. முப்பத்தெட்டு புள்ளி சுழியம். முப்பத்தேழு புள்ளி ஒன்பது..."

கிழக்கு ஜன்னலில் மிதவைநாட்டின் கூரைகள் தண்ணீர்மேல் ஒரு கோடாக மின்னின. ஒன்று, இரண்டு, மூன்றாவது. மூன்றாவதில் துணி காயப்போட்டிருந்தார்கள் போல. ஏதோ வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது.

"...முப்பத்தெட்டு புள்ளி ஒன்று. முப்பத்தேழு புள்ளி எட்டு. பன்னிரண்டு அளவுகள் முற்றும்."

இசக்கிமுத்து ஆற்றிக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

அன்று முழுவதும் உலோகத் துண்டு அவள் மடியில் இருந்தது. அவளுக்கு ஒன்று தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட சொல் சொல்லாகச் சொல்லிப் பார்த்ததில்லை. உரைப்பவர் தேர்வில் ஐந்நூறு கேள்வி கேட்டார்கள். திருடியிருக்கிறாயா, யாருக்காவது கேடு நினைத்திருக்கிறாயா, அம்மாவை ஏமாற்றியிருக்கிறாயா. கேட்ட ஐந்நூற்றுக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். பொய்யே வராத பெண் என்று எழுதி, மாகாணத்திலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவளைக் கேட்காமல் விட்ட கேள்வி ஐந்நூற்றொன்றாவது.

துண்டின் விளிம்பு கூர்மையாக இருந்தது. வெடித்த இரும்பு அப்படித்தான் கிழியும். முத்திரை உண்மையான முத்திரை. ஏன் வெடியாக இருக்கக்கூடாது? இந்தக் கடலில் பழைய வெடிகள் எத்தனை மிதக்கின்றன! இவர்கள் நல்லவர்களா என்ன? ஆறு வருடத்துக்கு முன் நம் மீன்படகுகளை எரித்தவர்கள்தானே? வெடிதான். வெடியாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்தொன்பது வயது சமையல்காரனை வேறு எதுவோ கொன்றிருக்க வேண்டும். வேறு யாரோ. அந்த வாக்கியம் வளர்வதற்குள் அவள் துண்டை இறுகப் பிடித்தாள். உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது.

மூன்றாம் நாள் மதியம் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் இருந்தபோது நடுவர் வந்தார். தூரதேசத்துப் பெண். நெட்டையானவர், புன்னகைக்காதவர். சலேத்தின் தலையில் கம்பிவலையைப் பொருத்தினார். குளிர்ந்த கம்பி. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கோமதிநாயகம் கைகட்டி நின்றார். எதிரே இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். இன்று சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சாவுக்குப் போகிறவர்போல முகம் மழித்திருந்தார்.

"சொல்லலாம்," என்றார் நடுவர்.

சலேத் எழுந்து நின்றாள்.

"கரைநாட்டு மக்களின் பெயரால் சொல்கிறேன். மிதவைநாட்டார் வைத்த வெடியால் ஆழ்மேடை ஏழு மூழ்கியது. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். ஆகவே எங்களைக் காத்துக்கொள்ள ஆயுதம் எடுக்கிறோம்."

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளக்கு எரிந்தது.

பச்சை.

அவளுக்கே அது திடுக்கென்றது. நம்ப வேண்டும் என்ற தவிப்பும் நம்பிக்கையும் ஒன்றுபோலத்தான் துடிக்கும் போலிருக்கிறது. இயந்திரத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. ஆனால் உடம்பெங்கும் ஒரு லேசான உணர்வு பரவியது. நான்கு வருடத்தில் முதல்முறையாகத் தோள்கள் இறங்கின. வெடிதான். அவர்கள்தான். இயந்திரமே சொல்லிவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் கோமதிநாயகம் கண்களை மூடித் திறந்தார். ஒரு கை தொலைபேசிக்குப் போனது.

"கேட்பவரின் கேள்வி," என்றார் நடுவர்.

இசக்கிமுத்து கிழக்கு ஜன்னலை ஒருமுறை பார்த்தார். "சாகப்போறவன் கேக்குத கேள்வி பெருசா இருக்கும்னு நெனப்பே. சின்னதுதான் தாயி." கோப்பின்மேல் விரலை வைத்தார். "நூத்தியறுவது பக்கத்தையும் நீ குனிஞ்சு, விரல் வச்சி வாசிச்ச. ஒரே ஒரு பக்கம் மட்டும் குனியல. பன்னெண்டு எண்ணையும் எங்க வீட்டுக் கூரையப் பாத்துக்கிட்டே சொன்ன. ஒண்ணு தப்பல. நான் பெறகு எடுத்து ஒத்துப் பாத்தேன். பேரு இல்லாத அந்த அறிக்கை ஒனக்கு எப்படி மனப்பாடம் ஆச்சி?"

கோமதிநாயகத்தின் கை பாதியில் நின்றது.

சலேத் வாயைத் திறந்தாள். முதலில் ஒரு பதில் தயாராக வந்தது. நேற்றுக் காலையிலிருந்து பலமுறை பார்த்ததால் மனதில் பதிந்துவிட்டது. அதைச் சொல்லலாம். நேற்றுப் பார்த்ததும் உண்மைதானே. விளக்கு பச்சையாகவே நின்றாலும் நிற்கும். எண்ணி நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தூணை யாரும் கடலிலிருந்து எடுக்கமாட்டார்கள். எடுக்க அவசியமும் இருக்காது. அம்மாவின் கடிதம் வரும், இந்த முறை முழுசாக.

உள்ளங்கை எரிந்தது. மூன்றாவது மிதவையில் இன்றும் அந்த வெள்ளைத்துணி ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடித்து வைக்க இன்னும் ஆள் இருந்தது.

"சொல்லு," என்றார் இசக்கிமுத்து. "பொய்யாவது சொல்லு. எனக்கு வீட்டுக்குப் போன் போடணும்."

கண்ணாடியைக் கோமதிநாயகம் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் உள்ளே வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அம்மா, அம்மா என்று சொல்வதுபோல இருந்தது. கெஞ்சலா மிரட்டலா தெரியவில்லை.

"அது என் கையெழுத்து," என்றாள் சலேத்.

பச்சை அணைந்து மறுபடி எரிந்தது. பச்சையாகவே. பதில் மெய், ஆனால் காரணத்தோடு அது இன்னும் மோதவில்லை.

"அன்றைக்குக் கடல் ரொம்ப மோசமாக இருந்தது. படகில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மூன்று தூண் பார்த்தேன். நாலாவதுக்கு இறங்கப் பயமாக இருந்தது. அறிக்கையைக் கொடுக்காமல் கரைக்குத் திரும்ப விடமாட்டார்கள். படகிலேயே முந்தின வருடத்து அறிக்கை இருந்தது. அதைப் பார்த்து, சந்தேகம் வராமல் இருக்க ஒவ்வொரு எண்ணிலும் புள்ளி இரண்டு குறைத்து எழுதினேன். அன்றிலிருந்து தினமும் அந்தப் பன்னிரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன்."

நடுவர் குறித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இசக்கிமுத்து நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அவர் முகத்தில் நன்றி இல்லை. இரக்கமும் இல்லை.

"முழுசாச் சொல்லு," என்றார். "சுத்தி வளைக்காத. காரணத்தச் சொல்லுத மாதிரி எந்திரிச்சு நின்னு சொல்லு."

அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"நாலாம் தூணை நான் அளக்கவே இல்லை."